நாலாவது முறை கூப்பிட்டபோது

கடவுள் வேஷம் கிடைத்ததற்காக யாராவது அழுவார்களா? மரெத்தா அழுதாள். அதுவும் எல்லோர் முன்னாலும் இல்லை. ஆலயத்துக்குப் பின்னால், கோழிகள் மேய்கிற இடத்தில் போய் நின்று அழுதாள். ஒரு கோழி மட்டும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, இதில் தின்பதற்கு ஒன்றும் இல்லை என்று போய்விட்டது.

வெள்ளை ஞாயிறுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. சவாயி தீவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான் என்று. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி ஆலயத்தின் முன் வரிசைக்குப் போவார்கள். வசனம் சொல்வார்கள், பாடுவார்கள், நாடகம் போடுவார்கள். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மத்தியானம் பெரியவர்கள் பரிமாற, பிள்ளைகள் முதலில் சாப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் இது தலைகீழ்.

இந்த வருஷம் சாமுவேலின் கதை. சின்னப் பையன் சாமுவேல் ஆலயத்தில் படுத்திருக்கிறான். யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கிழவர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இதோ இருக்கேன்!" என்று அவரிடம் ஓடுகிறான். "நான் கூப்பிடலையே, போய்ப் படு" என்கிறார் அவர். மூன்று முறை இப்படியே நடக்கிறது. மூன்றாவது முறைதான் ஏலிக்குப் புரிகிறது, கூப்பிடுவது கடவுள் என்று. நாலாவது முறை கூப்பிடும்போது சாமுவேல் சரியான பதிலைச் சொல்கிறான்.

மரெத்தாவுக்குச் சாமுவேல் வேஷம் வேண்டும். பாயிலிருந்து துள்ளி எழுந்து "இதோ இருக்கேன்!" என்று சொல்வதை வீட்டில் நூறு தடவையாவது செய்து பார்த்திருந்தாள். போதகரம்மா கையில் காகிதத்தோடு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"மரெத்தா, உனக்குக் கடவுளோட குரல்" என்றார் போதகரம்மா.

"அப்ப நான் எங்க நிக்கணும்?"

"அந்தப் பெரிய பாயைத் தொங்க விடுவோம்ல, அதுக்குப் பின்னால. நீ யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது."

ஏலி வேஷக்காரன் பாவுலோ சிரித்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. தென்னை நாரில் செய்த தாடியை அப்போதே மாட்டிக்கொண்டு திரிந்தான். "கடவுளுக்கு ரெட்டைச் சடை! கடவுளுக்கு முட்டியில காயம்!"

"வாயை மூடு பாவுலோ" என்றார் போதகரம்மா. "மரெத்தா, கரையில நின்னு நீ கூப்பிட்டா படகுல இருக்கிறவங்க திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு அந்தத் தொண்டைதான் வேணும்."

சாமுவேல் வேஷம் தொமாசிக்குப் போயிற்று. தொமாசி மரெத்தாவின் அத்தை மகன். ஏழு வயது. படகில் தூங்குவான், பிரசங்கத்தில் தூங்குவான், ஒருமுறை வாயில் சேப்பங்கிழங்கோடு தூங்கியிருக்கிறான். படுத்துத் தூங்குகிற காட்சிக்கு அவனுக்கு ஒத்திகையே தேவையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

மரெத்தா அழுததற்கு உண்மையான காரணம் வேஷம் இல்லை. அவளுடைய அம்மா எசெத்தா மார்ச் மாதம் நியூசிலாந்துக்கு ஆப்பிள் தோட்ட வேலைக்குப் போயிருந்தாள். போகும்போது, "வெள்ளை ஞாயிறுக்கு வந்துடுவேன். முன்னால வந்து நின்னு உன்னைப் பாப்பேன்" என்று சொல்லியிருந்தாள். ஏழு மாதமாக மரெத்தா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அம்மா வந்து பார்க்கும்போது அவள் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்தால் என்ன பிரயோஜனம்?

பாவம், அதைவிடப் பெரிய அழுகை அன்று சாயங்காலமே வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் முதல் சங்கு ஊதியது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். இரண்டாவது சங்கு ஊதியது. அதற்குப் பிறகு ஜெப நேரம். அதற்குச் 'சா' என்று பேர். மூன்றாவது சங்கு ஊதும்வரை யாரும் தெருவில் தலை காட்டக் கூடாது. மீறினால் பிடிப்பதற்கு, லாவாலாவா என்னும் இடுப்புத் துணியை வரிந்து கட்டிய வாலிபர்கள் சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். கோழிகளுக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

வீட்டில் சூலியா அத்தைதான் ஜெபம் செய்வாள். அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர், வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். அதனால் அம்மா போன பிறகு மரெத்தா அத்தையோடுதான் இருந்தாள். அத்தையின் ஜெபம் மிகவும் நீளம். அது சவாயியில் கிளம்பி, ஆக்லாந்து போய், சிட்னி போய், ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் திரும்பி வரும்.

அன்றைக்கு ஜெபம் சிட்னியை நெருங்கும்போது ஒரு சேவல் கூவியது. அத்தையின் தலையணைக்கு அடியில்!

போன்தான். அந்தச் சத்தத்தை வைத்தவன் தொமாசி. ஜெப நேரத்தில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அத்தை கண்ணைத் திறக்காமல் குரலை மட்டும் உயர்த்தினாள். சேவலும் உயர்த்தியது. கடைசியில் சேவல்தான் முதலில் ஓய்ந்தது.

மூன்றாவது சங்கு ஊதியதும் அத்தை திரும்பக் கூப்பிட்டு, போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"எசெத்தா, சா நேரத்துல கூப்பிடறியே, மறந்துட்டியா?"

"ஐயோ அண்ணி, இந்த ஊர்க்காரங்க போன வாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுட்டாங்க. எனக்கு ஆறுன்னா உங்களுக்கு ஏழுன்னு இருந்துச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே ஆறு. இனிமே ஏழு மணிக்கே கூப்பிடறேன்." அம்மாவின் குரல் கொஞ்சம் தயங்கியது. "மரெத்தா இருக்காளா?"

"இருக்கேன்மா! எப்பம்மா வர்றே?"

"கண்ணு... இன்னும் ஆறு வாரம் இருக்கச் சொல்றாங்க. அதையும் இருந்துட்டு வந்தா நம்ம வீட்டுக்குத் தண்ணித் தொட்டி வாங்கிடலாம். நீ குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்."

"வெள்ளை ஞாயிறு?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

மரெத்தா போனை அத்தை கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். "மரெத்தா" என்று அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

*

சனிக்கிழமை ஏழு மணிக்குச் சேவல் கூவியது.

"மரெத்தா, அம்மா கூப்பிடறா, வா!"

"தலை வலிக்குது அத்தை."

"பேசினா தலைவலி போயிடும்."

"பேசினா கூடும்."

புதன்கிழமையும் கூவியது. அப்போது மரெத்தாவுக்கு வயிற்று வலி. ஆனால் அந்த வயிற்று வலியோடு அவள் ஈரப்பலா மரத்தின் மூன்றாவது கிளையில் உட்கார்ந்திருந்தாள்.

"வயிறு வலிக்கிறவ மரத்துல ஏறுவாளா?" என்று கீழே நின்று கேட்டான் தொமாசி.

"மேல காத்து நல்லா வருது. நீ போடா."

அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா கூப்பிடாமல் இருந்தால் கோபம் வந்திருக்கும். கூப்பிட்டால் இன்னும் கோபம் வந்தது. அம்மாவும் கொஞ்சம் ஏங்கட்டுமே என்று நினைத்தாள். ஆனால் யார் ஏங்கினார்கள்? அம்மாவின் பழைய நீல லாவாலாவா ஒன்று அவளிடம் இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து அதைத் துவைக்க விடவில்லை. இராத்திரி அதைத் தலைக்கு வைத்துப் படுப்பாள். தேங்காய் எண்ணெய் வாசமும் புகை வாசமும் முதலில் நன்றாகவே இருந்தன. இப்போது மூக்கை அழுத்தி வைத்து, மூச்சை நன்றாக இழுத்தால்தான் கொஞ்சம் வந்தது.

அம்மா கூப்பிடும் விதம் ஒன்று உண்டு. முதல் தடவை நீளமாக, "மரெத்தாஆஆ" என்பாள். இரண்டாவது தடவை குட்டையாக, "மரெத்தா" என்பாள். கடலில் குளித்துக்கொண்டிருக்கும் மரெத்தா நீளமானதைக் காதில் வாங்காதது போல இருப்பாள். குட்டையானது வந்ததும் கரைக்கு ஓடி வருவாள். அந்த இரண்டாவது கூப்பிடலில் ஏதோ ஒன்று இருந்தது. அதற்கு எழுந்து போகாமல் இருக்க முடியாது.

வெள்ளை ஞாயிறுக்கு முந்தின இராத்திரி மூன்றாவது முறையாகப் போன் வந்தது. மரெத்தாவுக்குச் சொல்ல வலி ஏதும் மிச்சமில்லை. சட்டென்று கொசுவலைக்குள் புகுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வீட்டுக்குச் சுவர் கிடையாது. கூரையும் தூண்களும்தான். அதனால் எல்லாம் கேட்டது.

"இப்பத்தானே உக்காந்திருந்தா" என்றாள் அத்தை. "பொறு எசெத்தா, பக்கத்துல வெக்கிறேன், நீயே கூப்பிடு."

போன் கொசுவலைக்குப் பக்கத்தில் வந்தது.

"மரெத்தாஆஆ..."

மரெத்தா அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மரெத்தா" என்றது அம்மாவின் குரல், குட்டையாக.

மரெத்தாவின் கால் கட்டைவிரல் தானாக அசைந்தது. மற்ற எல்லாவற்றையும் அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொண்டைக்குள் 'அம்மா' என்ற வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"தூங்கட்டும் அண்ணி" என்றாள் அம்மா. "எழுப்பாதீங்க. நாளைக்கு நாடகம் இருக்குல்ல."

போன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மரெத்தாவுக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

*

வெள்ளை ஞாயிறு விடிந்தது. தொமாசி விடிவதற்கு வெகு முன்பே, நாலு மணிக்கே எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லோரையும் எழுப்பிவிட்டான்.

"டேய், சேவலே இன்னும் எழுந்திருக்கலை" என்றாள் அத்தை.

"எந்தச் சேவல்? போனா, கோழியா?"

"ரெண்டும்தான்! படுடா!"

அவன் படுக்கவில்லை. வீட்டை இருபது முறை சுற்றி வந்தான். அதற்கான பலன் பிறகு வந்தது.

ஆலயம் நிறைந்திருந்தது. பெரியவர்கள் பின்னால், பிள்ளைகள் முன்னால். நாடகம் தொடங்கியது. மரெத்தா தொங்கும் பாய்க்குப் பின்னால் நின்றாள். பாயில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தொமாசி படுத்திருந்தான். பாவுலோ நாற்காலியில் தாடியோடு உட்கார்ந்திருந்தான்.

"சாமுவேலு!" என்று கூப்பிட்டாள்.

தொமாசி துள்ளி எழுந்தான். "இதோ இருக்கேன்!" பாவுலோவிடம் ஓடினான். "நான் கூப்பிடலை, போய்ப் படு" என்றான் பாவுலோ. தாடி வாய்க்குள் போனதால் ஒருமுறை துப்பிவிட்டுச் சொன்னான். கூட்டம் சிரித்தது.

இரண்டாவது முறையும் நன்றாக நடந்தது. மூன்றாவது முறையும் நன்றாக நடந்தது. ஏலிக்கு விஷயம் புரிந்தது. "போய்ப் படு. இன்னொரு தடவை கூப்பிட்டா, 'சொல்லுங்க ஆண்டவரே, நான் கேக்கறேன்'னு சொல்லு" என்று அனுப்பினான். தொமாசி வந்து படுத்தான்.

இந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளின் பாட்டு. நாலு சரணம். நாலையும் நிதானமாகப் பாடினார்கள்.

பாட்டு முடிந்தது. ஆலயம் அமைதியானது. மரெத்தா மூச்சை இழுத்துக்கொண்டு கூப்பிட்டாள். "சாமுவேலு! சாமுவேலு!"

தொமாசி அசையவில்லை.

நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள். மறுபடி கூப்பிட்டாள். "சாமுவேலு! சாமுவேலு!"

அப்போது ஒரு சத்தம் வந்தது. குறட்டை.

ஓரத்தில் நின்ற போதகரம்மா கையை மேலும் கீழும் ஆட்டினார். சத்தமாக, இன்னும் சத்தமாக! மரெத்தா படகைக் கூப்பிடுகிற குரலை எடுத்தாள். "சாமுவேலூ!" வெளியே ஒரு நாய் குரைத்தது. தொமாசி புரண்டு படுத்தான். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மரெத்தா ஓட்டை வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. இதோ, பத்தடி தூரம்தான். அவள் கூப்பிடுகிறாள், அவன் வரவில்லை. கூப்பிட்ட பேர் அந்தப் பக்கம் போய், யாரும் எடுத்துக்கொள்ளாமல் கிடந்தது. இத்தனை பேர் இருக்கிற ஆலயத்தில் தான் மட்டும் தனியாக நிற்பது போல அவளுக்கு இருந்தது.

கூப்பிடுகிறவர்களுக்கு இப்படியா இருக்கும்?

அவளுக்குச் சட்டென்று அம்மாவின் ஞாபகம் வந்தது. குளிரில் வேலை முடிந்து வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, நேற்று அம்மா இப்படித்தான் நின்றிருப்பாள். நீளமாக ஒரு முறை. குட்டையாக ஒரு முறை. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் "எழுப்பாதீங்க" என்றாள். ஓட்டையில் வைத்திருந்த கண் கலங்கி, தொமாசி ரெண்டு தொமாசியாகத் தெரிந்தான்.

இப்போது கூட்டத்தில் பலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். "டேய் தொமாசி!" என்று பாவுலோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அந்த ஊரில் ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கொண்டால் கல்யாணமான பிறகும் போகாது. இந்த நிமிஷம் யாராவது "தூங்குமூஞ்சி சாமுவேலு" என்று சொல்லிவிட்டால் தொமாசியின் கதை அவ்வளவுதான்.

மரெத்தா பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

முன் வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்றாள். "அம்மா! கடவுள் வெளிய வந்துட்டாரு!"

சிரிப்பு நின்றுபோனது. போதகரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். மரெத்தா யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து போய், தொமாசியின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைப் பாவாடை தரையில் பரவியது. அவனுடைய தோளில் கையை வைத்தாள். பிறகு கூப்பிட்டாள், கத்தாமல், அம்மா கூப்பிடுவது மாதிரி.

"சாமுவேலூஉஉ..."

கொஞ்சம் பொறுத்தாள்.

"சாமுவேலு."

தொமாசி கண்ணைத் திறந்தான். எதிரே வெள்ளை உடையில் ஒரு முகம். கண்ணில் தண்ணீரோடு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் தடாலென்று எழுந்து உட்கார்ந்தான்.

"இதோ இருக்கேன்!" என்றான் மூச்சு வாங்க. "சொல்லுங்க ஆண்டவரே, நான் கேக்கறேன்! நெஜமாவே கேக்கறேன்!"

கடைசி வார்த்தை நாடகத்தில் இல்லாதது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பின் வரிசையில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு கைதட்டல் கிளம்பியது. அந்த ஆலயத்தில் யாரும் கைதட்டுவது வழக்கமில்லை என்பது பாதி தட்டிய பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

வெளியே வந்ததும் போதகரம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். மரெத்தா தலையைக் குனிந்தாள்.

"பாய்க்குப் பின்னாலதான் இருக்கணும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க, போதகரம்மா. அவன் எந்திரிக்கவே இல்ல. அதான் போயிட்டேன்."

போதகரம்மா கையில் வேதப் புத்தகம் இருந்தது. நடுவில் விரலை விட்டு வைத்திருந்தார். "இப்ப எடுத்துப் பாத்தேன். நாலாவது தடவை அவர் தூர இருந்து கூப்பிடலை. வந்து நின்னு கூப்பிட்டார்னு போட்டிருக்கு. எத்தனை வருஷமா இந்த நாடகத்தைப் போடறேன், அந்த இடத்தைச் சரியாப் படிக்கவே இல்ல பாரு." அவர் மரெத்தாவின் சடையைச் சரி செய்தார். "போ, சாப்பிடு. அடுத்த வருஷமும் நீதான் வெளிய வரணும்."

*

மத்தியானம் சூலியா அத்தை ராணிக்குப் பரிமாறுவது போலப் பரிமாறினாள். பன்றிக் கறி, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை, கடைசியில் ஐஸ்கிரீம். தொமாசி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். தான் தூங்கவே இல்லை, எல்லாம் நடிப்பு என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான். பாவுலோகூட நம்பினான்.

மரெத்தா ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, அம்மாவைக் கூப்பிடலாமா?" என்றாள்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வயித்து வலி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"தலைவலி?"

"அத்தை!"

"போன்ல காசு தீந்து போச்சும்மா. நேத்து உங்கம்மாவாத்தான் கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை, கடையெல்லாம் சாத்தியிருக்கும். நாளைக்குத்தான் போட முடியும். அவ கூப்பிட்டா உண்டு."

அவள் கூப்பிட்டால் உண்டு! மரெத்தா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. மூன்று தடவை வரமாட்டேன் என்றவளை நாலாவது தடவை யார் கூப்பிடுவார்கள்? பாவுலோவாக இருந்தால் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டான். அவளே கூட இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடுவாளா என்பது சந்தேகம்தான்.

மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. பிள்ளைகள் கடலில் இறங்கிக் கத்துவது கேட்டது. "மரெத்தா, வா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. போனில் சத்தம் வருகிறதா என்று ஒருமுறை காதில் வைத்துப் பார்த்தாள். ஐந்து ஆயிற்று. ஏழு மணிக்குத்தானே கூப்பிடுவாள், இன்னும் நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருவேளை ஏழு மணிக்கும் வராவிட்டால்? அம்மாவுக்கும் ஒரு நாள் தலை வலிக்கலாமே.

முதல் சங்கு ஊதியது. இரண்டாவதும் ஊதியது. அத்தை போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். வெள்ளை ஞாயிறு அன்று ஜெபமும் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். அத்தை மரெத்தாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மரெத்தா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்த நாளுக்காக நன்றி. சாப்பாட்டுக்காக நன்றி. அத்தைக்காக..."

சேவல் கூவியது.

தொமாசி ஒரு கண்ணைத் திறந்தான். அத்தை திறக்கவில்லை. மரெத்தா வேகத்தைக் கூட்டினாள். "அத்தைக்காக நன்றி. தொமாசிக்காக..."

சேவல் நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். மறுபடி கூவியது.

"தொமாசிக்காக... அப்பாவோட கப்பலுக்காக..."

நின்றது. மூன்றாவது முறை கூவத் தொடங்கியது. தெருவில் வாலிபர்கள் நின்றிருந்தார்கள், ஊரே ஜெபத்தில் இருந்தது. ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. ஆனால் ஜெபம் எங்கே முடிய வேண்டும் என்று ஜெபிக்கிறவள்தானே சொல்ல வேண்டும்?

"மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும் ஆண்டவரே, ஆமென்!" என்றாள் ஒரே மூச்சில்.

அந்த வீட்டில் இவ்வளவு சின்ன ஜெபம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அத்தை கண்ணைத் திறப்பதற்குள் தலையணை பறந்தது.

அம்மா பேர் சொல்லும்வரை மரெத்தா காத்திருக்கவில்லை. "இதோ இருக்கேன்மா!"

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது.

"இருக்கியா?" என்றாள் அம்மா.

"இருக்கேன். அம்மா, இது சா நேரம். ஏழு மணிக்குக் கூப்பிடறேன்னு சொன்னியே?"

"தெரியும் கண்ணு. அதான் இப்ப கூப்பிட்டேன். ரெண்டாவது சங்கு ஊதினப்புறம் நீ எந்த மரத்துலயும் ஏற முடியாதே."

மரெத்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு தொமாசியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, நேத்து நான் தூங்கலை."

"அதுவும் தெரியும். தூங்கினா நீ வாயைத் திறந்துக்கிட்டுப் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவே. நேத்து அது கேக்கவே இல்ல."

"பின்ன ஏன் எழுப்பாதீங்கன்னு சொன்னே?"

"உனக்கு எப்ப வரத் தோணுதோ அப்ப வரட்டும்னுதான். நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பேன், எங்க போயிடப் போறேன்?"

மரெத்தா நாடகத்தைச் சொன்னாள். தொமாசியின் குறட்டையைச் சொன்னாள். பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்ததைச் சொன்னாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஆறு வாரத்துக்கு எத்தனை நாள் என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பத்திரண்டு. அதில் இன்றோடு பதினோரு நாள் கழிந்துவிட்டது என்று மரெத்தா கண்டுபிடித்தாள்.

பேச வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"மரெத்தாஆஆ" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"மரெத்தா."

"இதோ இருக்கேன்மா. என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

மூன்றாவது சங்கு ஊதியது. தெருவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. மரெத்தா நீல லாவாலாவாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா" என்றாள்.